எங்கள் லயத்துப் போலீஸ்

காளியம்மாள் அக்காவின் சமையல்கட்டுச் சுவர் உள்பக்கமாக விழுந்து கிடந்தது. மண் சுவர். மண்ணுக்கு அடியில் அடுக்குப் பானைகள், மேலே மழைத் தூறல். அந்தக் காலையில் லயம் முழுவதும் பலாப்பழ வாசம் அடித்தது.

யானை வந்துவிட்டுப் போயிருந்தது. பாதையில் கிடந்த சாணத்தில் இன்னும் ஆவி எழுந்துகொண்டிருந்தது. அதற்குள் பலாக்கொட்டைகள், கழுவி வைத்த மாதிரி முழுசு முழுசாக.

ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் சத்தம் கேட்டதும் முன்வாசல் வழியாக எங்கள் கடைக்கு ஓடி வந்துவிட்டார்கள். பழம் மரத்தில் இருந்தது, சுவர் வழியில் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

லயம் என்று நான் சொல்வது எஸ்டேட் வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளை. பந்தலூர்ப் பக்கம், ஒரு சரிவில், எங்கள் கடையை ஒட்டி ஒரு வரிசை இருந்தது. வரிசையின் கடைசி வீடு ராசம்மா அக்காவுடையது. பலா மரம் அந்த வீட்டுக்குப் பின்னால். அதற்கு முந்தின வீடு காளியம்மாள் அக்காவுடையது.

மரத்தடியில் லயமே கூடி நின்றது.

“வெட்டோணுங்க,” என்றார் காளியம்மாள் அக்கா. “மரம் நிக்கற வரைக்கும் பெரியவரு வருவாரு. இன்னிக்குச் செவுரு. நாளைக்கு நானு.”

யானையை யாரும் யானை என்று சொல்வதில்லை அங்கே. பெரியவர் என்றுதான் சொல்வார்கள்.

“மரம் என்னா பண்ணுச்சு? பழுத்தது ஒரு குத்தமா?” என்றார் ராசம்மா அக்கா.

“குத்தந்தான். உங்கூட்டுக்குப் பின்னால பழுத்துப்போட்டு எங்கூட்டுச் செவுத்தையல்ல இடிக்குது!”

“அப்ப பழுக்க விட வேணாம். அடுத்த வருசம் பிஞ்சுலயே அறுத்துருவோம்.”

“அறுத்து?”

“திங்கிறதுதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். பலாப்பிஞ்சை ஆடு தின்னும், மனுசன் தின்பானா என்று ஒருவர் கேட்டார்.

கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. எஸ்டேட்டில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுகிறவர் அவர். குடையை மடக்கிக்கொண்டு மரத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இப்ப இருக்கற காயெல்லாம் இன்னிக்கே எறக்கிடணும். வர்ற வருசம் ஒரு பழம், ஒரே ஒரு பழம் பழுத்தாலும் கோடாலிதான். எஸ்டேட் துரைகிட்ட நானே சொல்லி ஆளைக் கூட்டிட்டு வந்துருவேன்” என்றார்.

இவ்வளவையும் நான் கடையின் பின்பக்கம் தொங்கிய சாக்குப் படுதாவின் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மளிகையும் டீயும் தோசையும் சேர்ந்த கடை அது. என் வீட்டுக்காரர் கடையில் நிற்பார். நான் படுதாவுக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் இருப்பேன். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, குழந்தை பிறந்து, அது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அந்தப் படுதாவைத் தாண்டி நாலு பேர் முன்னால் நான் பேசினதில்லை. யாரும் பேசாதே என்று சொல்லவும் இல்லை. எனக்கு வராது, அவ்வளவுதான்.

பச்சையெல்லாம் தீனி இல்லை

யானை அதற்கு முன்னால் அந்த வழியாக வந்ததே இல்லையா என்றால், வந்துகொண்டேதான் இருந்ததாம். லயம் வருவதற்கு முன்னால் அங்கே காடு. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று காட்டை எடுத்துவிட்டுப் புதுத் தேயிலை போட்டார்கள். அந்தக் காட்டில் மிச்சம் விட்ட ஒரே மரம் இந்தப் பலா. மரம் வெட்ட வந்தவர்கள் மத்தியானம் நிழலுக்கு உட்கார அதை விட்டுவைத்தார்களாம்.

தேயிலையை ஆடு தின்னாது. மாடு தின்னாது. யானையும் தின்னாது. மலை முழுக்கக் கண்ணுக்கெட்டின மட்டும் பச்சை. அதில் வாயில் வைக்க ஒன்றும் கிடையாது. நடுவில் ஒரே ஒரு பலா மரம். நான் யானையாக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன்.

என் மகள் செல்வி அப்போது அடுப்படியில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்பாள். புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு, பாம்பைக் கழுகு. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி போட்டுப் படம் இருக்கும். நான் படித்த ஐந்து வகுப்பில் அந்தப் படம் இல்லை. அதனால் தோசையைத் திருப்பிக்கொண்டே எட்டி எட்டிப் பார்ப்பேன்.

படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு சமையல்கட்டும் இல்லை, ஒரு மனுசரும் இல்லை.

பொலஸ்

ராசம்மா அக்கா சிலோனிலிருந்து வந்தவர். வீடு பிரித்துக் கொடுத்த அன்று எல்லோரும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து வீட்டைக் கேட்டபோது, அவர் மட்டும் மரத்துக்குப் பக்கத்து வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். குழாயிலிருந்து அதுதான் தூரம். ஏன் என்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

அவர்கள் வந்த புதிதில் ஒரு நாள் கடைக்கு வந்தார்.

“கொஞ்சம் கொச்சிக்காத் தூள் குடுங்கண்ணே. சுணங்காம குடுங்க, வீட்ல பொலஸ் இருக்கு.”

கொச்சிக்காய் என்றால் மிளகாய் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். மற்றது புரியவில்லை.

“ஏனுங்க, போலீஸுங்களா?”

“ஆமாண்ணே, பொலஸ்தான்.”

“எத்தனைங்க?”

“ரெண்டு. ஒண்ணைக் கொத்திப் போட்டாச்சு. மத்ததுக்குத்தான் தூள் பத்தல.”

தூளை வாங்கிக்கொண்டு ராசம்மா அக்கா போனார். அவர் போனதும் என் வீட்டுக்காரர் முதல் வேலையாக இரண்டு மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கி விறகுக்குப் பின்னால் மறைத்தார். எதற்கு மறைத்தார் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் ராசம்மா அக்கா ஒரு கிண்ணத்தோடு பின்வாசலுக்கு வந்தார். “தங்கச்சி, ருசி பாரு” என்றார். பலாப்பிஞ்சைத்தான் சிலோனில் பொலஸ் என்பார்களாம். கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தோல் சீவ வேண்டும், இல்லாவிட்டால் பால் ஒட்டிக்கொண்டு போகாது. துண்டு போட்டு, குடம்புளி போட்டு அவித்து, தேங்காய்ப்பால் விட்டு, பட்டை கிள்ளிப் போட்டு, கறுக்கச் சுண்ட வைக்க வேண்டும். கறி மாதிரியே நார் நாராக வரும்.

என் வீட்டுக்காரர் தின்றுவிட்டு டின்னை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

தை, மாசி, பங்குனியில் மழை இருக்காது. தேயிலையில் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் வேலை குறையும், வேலை குறைந்தால் கையில் காசு இருக்காது. பலா பிஞ்சு விடுகிறதும் அதே மாதங்கள்தான். ராசம்மா அக்கா வீட்டில் ஐந்து பேர். அந்த மூன்று மாதமும் அவர்கள் சோற்றுக்கு ஊற்றிக்கொண்டது மரத்திலிருந்து வந்ததுதான். கோடாலி என்று கணக்கப்பிள்ளை சொன்னபோது ராசம்மா அக்காவின் முகம் கறுத்துப்போனதன் காரணம் அது.

ஒரு குடும்பம் எவ்வளவுதான் தின்னும்? மிச்சம் மரத்திலேயே நின்று வைகாசியில் பழுத்தது. லயமே தின்றால்தான் மரம் காலியாகும்.

என்ன குழம்புங்க?

அடுத்த தை பிறந்தது. ராசம்மா அக்காவின் வீட்டுக்காரர் முத்தையா அண்ணன் கயிறும் அரிவாளும் எடுத்துக்கொண்டு ஏறினார். இறக்கின பிஞ்சை ராசம்மா அக்கா வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்தார். வாங்கினவர்கள் சாயங்காலம் அதைக் காளியம்மாள் அக்காவின் ஆட்டுப் பட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். ஆடுகள் நன்றாகத்தான் தின்றன.

ஒரு நாள் காலை கடையில் சாம்பாருக்குப் பருப்பு தீர்ந்துபோனது. அடுப்படியில் ராசம்மா அக்கா வைத்துவிட்டுப் போன பிஞ்சு இரண்டு கிடந்தது. அதைக் குழம்பு வைத்துத் தோசைக்கு ஊற்றச் சொல்லி வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். வேறு வழி இல்லாமல் செய்ததுதான்.

“ஏனுங்க, இன்னிக்கு ஆடா, கோழியா?” என்று ஒரு குரல் கேட்டது.

“போலீஸுங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“இன்னொரு கரண்டி போலீஸை ஊத்துங்க அப்ப.”

அதோடு பெயர் நின்றுவிட்டது. சிலோன்காரர்கள் பொலஸ் என்றார்கள், மற்ற எல்லோரும் போலீஸ் என்றார்கள். பங்குனியில் பிஞ்சுக்கு ஆட்கள் மரத்தடியில் வந்து நின்றார்கள். கடைசியாகத் தின்ன ஆரம்பித்தது காளியம்மாள் அக்கா.

“எங்க ஆடு திங்கறதை நானுந் தின்னாச்சு,” என்று பின்வாசலில் வந்து சொன்னார். “நல்லாத்தான் இருக்குது. அந்த ராசம்மாகிட்டச் சொல்லிப்போடாத அம்மிணி.”

மரம் காலியானதில் இன்னொன்றும் நடந்தது. முன்பு பழத்துக்கு வந்த குரங்குக் கூட்டத்துக்கு இப்போது பழம் இல்லை. அவை கடைக்கு வந்தன. வாழைத்தார் தொங்கவிட முடியவில்லை. தகரத்தைப் பிரித்துக்கொண்டு ஒன்று உள்ளேயே இறங்கி ஒரு மண்டை வெல்லத்தைத் தூக்கிக்கொண்டு போனது. இருட்டினதும் வருகிற வௌவாலைக் காணோம். வெள்ளைத் துணியில் வௌவால் எச்சம் இல்லை என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். யானையை நிறுத்தப் போய் இவ்வளவும் இடம் மாறிவிட்டது. செல்வியின் பாடத்தில் அம்புக்குறி நேராகப் போகும். எங்கள் லயத்தில் அது குரங்கு கையில் வெல்லமாகப் போனது.

வாசம்

வைகாசி முடியப் போகிற சமயம். மேகம் கட்டி நின்றது. மத்தியானச் சோறு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

வாசம் வந்தது. முதலில் வெல்லமூட்டை ஈரமாகிவிட்டது என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் மூட்டை காய்ந்துதான் இருந்தது. பின்வாசலுக்கு வந்து மரத்தை அண்ணாந்து பார்த்தேன். மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி உச்சிக் கவட்டில் புதராக அடர்ந்திருக்கும். அதற்குள் ஈக்கள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தன. இலைக்கு நடுவில் மஞ்சளாக ஒரு முதுகு தெரிந்தது.

எல்லாவற்றையும் அறுத்துவிட்டோம் என்று முத்தையா அண்ணன் சொல்லியிருந்தார். ஒன்று தப்பிவிட்டது.

“வாசம் வருதா அம்மிணி?”

காளியம்மாள் அக்கா ஆட்டுக்குப் பலா இலை பொறுக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். அவரிடம் என்ன சொல்வது? சுவர் அவருடையது. மரத்தை வெட்டச் சொன்னவரும் அவர்தான்.

அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசினார்.

“கணக்கப்புள்ளைகிட்டச் சொன்னா கோடாலி நாளைக்கு வரும். பெரியவரு இன்னிக்குச் சாயங்காலமே வந்துருவாரு. எனக்கு இன்னிக்கு அந்தப் பழம் எறங்கோணும். நீ போய் முத்தையனைக் கூட்டிட்டு வா.”

“நானுங்களா அக்கா?”

“எனக்கு முட்டிவலி. ராசம்மா பந்தலூருக்குப் போயிருக்கறா. உன்ற ஊட்டுக்காரரு கடையை விட்டுப்போட்டு வந்தா குரங்கு கடை நடத்தும். போ அம்மிணி.”

போனேன். முத்தையா அண்ணன் மேல்மலையில் களை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் குடையோடு கணக்கப்பிள்ளை.

பாதையில் நின்றேன். முத்தையா அண்ணன் தூரத்தில் குனிந்திருந்தார். கிட்டே போக வேண்டுமென்றால் அத்தனை பேரையும் தாண்டிப் போக வேண்டும். பழம் என்று சொன்னால் கணக்கப்பிள்ளைக்குக் கேட்கும். சொல்லாவிட்டால் உச்சிக் கவட்டில் ஈ மொய்த்துக்கொண்டிருக்கிறது.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. என் வாயிலிருந்து வந்தது.

“அண்ணா! பொலஸ்!”

அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

மலையே நின்றது. பிஞ்சுக் காலம் முடிந்திருந்தது, அதனால் அவர்கள் காதில் காக்கிப் போலீஸ்தான் விழுந்தது. அடுத்த நிமிஷம் கொழுந்தெடுத்த பெண்கள் கூடையோடு ஓடினார்கள். காட்டில் பொறுக்கி ஓரத்தில் கட்டிவைத்திருந்த விறகை இழுத்துத் தேயிலைக்கு அடியில் தள்ளினார்கள். வயசான ஒருவர் மடியிலிருந்து எதையோ எடுத்துத் தூர எறிந்தார். கணக்கப்பிள்ளை குடையை மடக்கி இடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கமாக ரொம்ப வேகமாக நடந்தார். அவர் எதற்கு ஓடினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முத்தையா அண்ணன் ஒருவர்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வைகாசிக் கடைசியில் பொலஸ் ஏது? தையில் விட்ட பிஞ்சு வைகாசி வரைக்கும் பிஞ்சாக இருக்குமா? அதை யோசிக்க அவருக்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆனது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“ஒண்ணா, ரெண்டா தங்கச்சி?”

“ஒண்ணுதானுங்க அண்ணா. உச்சிக் கவட்டுல.”

வயல்

முத்தையா அண்ணன் மரத்தில் ஏறிப் பழத்தைக் கயிறு கட்டி இறக்கினார். இறக்கினதும் கணக்கப்பிள்ளை திரும்பி வருவதற்குள் வேலைக்கு ஓடிவிட்டார். பழத்தை லயத்தில் வைத்திருக்க முடியாது. மண்ணைத் தோண்டிப் புதைத்தாலும் யானை தோண்டி எடுத்துவிடும். சாக்கில் போட்டு, சாக்கைக் கம்பில் மாட்டி, முன்னால் நானும் பின்னால் காளியம்மாள் அக்காவும் தோள் கொடுத்தோம்.

“முட்டிவலின்னீங்களே அக்கா?”

“வாயைத் தொறந்துட்டயா? இன்னிக்குத்தான் தொறக்கோணுமா? நட.”

கொஞ்ச தூரம் போய், அவராகவே சொன்னார். “மரம் போனா ஆட்டுக்கு எலைக்கு நா எங்க போவேன்? வெயில் காலத்துல வேற எதுல எலை இருக்குது இங்க? அதை நெனச்சுத்தான். ராசம்மாளுக்காக இல்ல.”

தேயிலை முடிகிற இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. வயல் என்பார்கள். நெல்லெல்லாம் கிடையாது, கோரையும் சேறும்தான். அதற்கு அந்தப் பக்கம் காடு. யானை காட்டிலிருந்து இறங்கி முதலில் கால் வைக்கிற இடம் அது. சாக்கை அங்கே கவிழ்த்தோம். பழம் சேற்றில் பாதி அமுங்கி நின்றது. காட்டுக்குள் ஒரு கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. நாங்கள் ஓடி வந்தது பற்றி எழுத ஒன்றுமில்லை. அக்காதான் முன்னால் ஓடினார்.

காலையில் சுவர் நின்றது. புதுச் சுவர், சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. வயலில் பெரிய பெரிய கால் பள்ளங்களும் அவற்றில் தண்ணீரும் இருந்ததாக மாடு ஓட்டிப் போனவர்கள் சொன்னார்கள்.

கணக்கப்பிள்ளை கடைக்கு டீ குடிக்க வந்தார்.

“நேத்து இங்க ஏதோ பழ வாசம் அடிச்சுதாமே?”

டீ வாங்க நின்ற காளியம்மாள் அக்கா முந்திக்கொண்டார்.

“எங்கூட்டு ஆட்டு வாசமுங்க. குளிப்பாட்டி நாளாச்சு.”

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எந்தப் போலீஸும் வராமலே ஏன் ஓடினார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இரண்டைப் பிடுங்கினது

சில மழை கழித்து நானும் ராசம்மா அக்காவும் வயல் ஓரமாக நடந்து வந்தோம். கோரைக்கு மேலே, கொஞ்சம் மேடான இடத்தில் மூன்று பலாக் கன்றுகள் ஒரே கொத்தாக நின்றன. காய்ந்த யானைச் சாணம் மக்கி மண்ணான இடம் அது. எங்கள் மரத்துப் பழமா, வேறு பழமா என்று யார் சொல்ல முடியும்?

அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். குனிந்து இரண்டைப் பிடுங்கி எறிந்தார்.

“மூணும் நின்னா ஒண்ணும் தேறாது தங்கச்சி. விளங்குதா?”

“இதுலயும் பொலஸ் அறுப்பீங்களாக்கா?”

“இவ்ளோ தூரம் யாரு வந்து ஏறுறது? இது பழுக்கட்டும். பெரியவரு அங்க வர்றதுக்குப் பதிலா இங்கயே தின்னுட்டுப் போகட்டும்.”

கையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு நடந்தார். சோற்று நேரம் ஆகியிருந்தது.

வாட்சர் கேட்டது

அப்புறம் ஒரு வருஷம் சுற்றுப்பக்கம் மற்ற லயங்களிலெல்லாம் யானை சுவரை இடித்தது. ஒரு கடையில் உப்பு மூட்டையை இழுத்துப் போட்டது. பாரஸ்ட் ஆபீஸிலிருந்து புதிதாக வந்த வாட்சர் ஒருவர் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு எங்கள் கடைக்கும் வந்தார். பலா மரத்தைப் பார்த்தார். சுவர்களைப் பார்த்தார்.

“பலா இருக்கற எடத்துக்கெல்லாம் போயிருக்குது. இங்க மட்டும் வரலையே, ஏம்மா?”

காளியம்மாள் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை.

“எங்க லயத்துல போலீஸ் இருக்குதுங்க.”

வாட்சர் சுற்றும் முற்றும் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“எங்கே? ஸ்டேஷன் பந்தலூர்லதானே?”

படுதாவுக்கு இந்தப் பக்கம் நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்தேன். முடியவில்லை. சிரிப்புச் சத்தம் வெளியே கேட்டுவிட்டது. கடையில் இருந்த எல்லோரும் படுதாவைத் திரும்பிப் பார்த்தார்கள். இனி மறைந்து என்ன செய்வது? மாசி மாதம். அடுப்பில் குழம்பு கறுக்கச் சுண்டிக்கொண்டிருந்தது. ஒரு தட்டில் தோசை வைத்து, மேலே இரண்டு கரண்டி ஊற்றி, படுதாவை நானே விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

“இதுதானுங்க போலீஸ்,” என்றேன்.